எஸ்ஸன் நகரின் ட்சோல்ஃபெரைன் சுரங்க வளாகம்: கலைக் கண்காட்சிகளைத் தடையின்றிக் காண ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் மேற்கில், ரூர் நிலக்கரிப் பகுதியின் நடுவில் அமைந்துள்ள எஸ்ஸன் நகரில், 1847இல் தோண்டத் தொடங்கப்பட்ட ட்சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986 டிசம்பர் 23 அன்று மூடப்பட்டது. அதை ஒட்டி, நிலக்கரியைச் சுட்டுக் கற்கரியாக (கோக்) மாற்றிய கற்கரி ஆலை 1993 வரை இயங்கியது. 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்ட இவ்வளாகத்தில் இன்று ரூர் அருங்காட்சியகம், வடிவமைப்பு அருங்காட்சியகம், நடன மையம், நிலையான கலைப்படைப்புகள், மாறிவரும் கண்காட்சிகள் எனப் பார்ப்பதற்கு நிறையவே உள்ளன. முதன்முறையாக அங்கே செல்வோருக்காக, அதிலும் சக்கர நாற்காலியில் செல்வோர், கைத்தடியோ ரொலாட்டர் என்னும் சக்கர நடைதாங்கியோ துணையாகக் கொண்டு நடக்கும் பெற்றோரை அழைத்துச் செல்வோர், பார்வைக் குறைபாடோ செவிக் குறைபாடோ உள்ளோர் ஆகியோரை மனத்தில் வைத்து, இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சாதாரண அருங்காட்சியகம் மக்கள் நடந்து பார்ப்பதற்கென்றே கட்டப்படுவது. இங்குள்ள கட்டடங்களோ நிலக்கரி நகர்வதற்காகக் கட்டப்பட்டவை. கரியை இயந்திரத்தால் உச்சிக்கு ஏற்றிவிட்டால், அதன்பின் அது தன் எடையாலேயே தளம் தளமாகக் கீழே இறங்கும் என்பதே அவற்றின் அமைப்பு முறை. ஆகவே உயரம், இடைவெளி, இரும்புச் சட்டத் தரை, இருட்டு ஆகிய எல்லாமே அங்கே மரபுச் சின்னத்தின் பகுதிகள். அவற்றை முற்றாக நீக்கிவிட்டால் பார்க்க வந்த பொருளே இல்லாமல் போய்விடும். இதனால் பயணத்தைத் திட்டமிடும்போது உயரத்தை எப்படிக் கடப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொண்டு, எந்தக் கண்காட்சியைப் பார்ப்பது என்பதைப் பிறகு முடிவுசெய்வதே சரியான வரிசை என்பது என் கருத்து.

முதற்படி: வளாகத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

ஏறத்தாழ நூறு ஹெக்டேர் பரப்புள்ள இவ்வளாகத்தை ஒரே நாளில் முழுமையாகப் பார்க்க முயல்வது இளைஞர்களுக்கே அலுப்பைத் தரும். அது மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. முதலாவது, 55 மீட்டர் உயர இரட்டைக்கால் இரும்புக் கோபுரம் நிற்கும் பன்னிரண்டாம் சுரங்கக்குழிப் பகுதி. ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து, 1932இல் இயங்கத் தொடங்கிய இப்பகுதியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் டன் நிலக்கரி வெளியே எடுக்கப்பட்டது. ரூர் அருங்காட்சியகமும் ரெட் டாட் வடிவமைப்பு அருங்காட்சியகமும் இங்கேதான் உள்ளன. இரண்டாவது, அதைவிடப் பழமையான 1/2/8 எண் குழிகள் அமைந்த பகுதி. மூன்றாவது, சற்றுத் தொலைவில் உள்ள கற்கரி ஆலை.

முதல் வருகைக்கு ஒரு பகுதி போதும். உடலில் தெம்பும் வானிலையும் ஒத்துழைத்தால் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வளாகத்தின் திறந்தவெளியில் நடமாடக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகங்களுக்கும் வழிகாட்டியுடன் கூடிய சுற்றுகளுக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். ரூர் அருங்காட்சியகத்துக்கு வாங்கிய சீட்டு ரெட் டாட் அருங்காட்சியகத்தில் செல்லாது என்பதைப் பலரும் வாயிலில்தான் அறிகிறார்கள்.

சுரங்கத்துக்குள் இறங்கலாம் என்று எண்ணிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு மேல் செல்லும் இக்குழிகளுக்குள் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படுவதில்லை. இங்கே காண்பதெல்லாம் தரைக்கு மேலே உள்ளவை. சுரங்கத்தின் உட்புறத்தைக் காண விரும்புவோர் பக்கத்து நகரமான போகுமில் உள்ள ஜெர்மன் சுரங்க அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அங்கே அதற்கென்றே நிலத்தடியில் ஒரு காட்சிச் சுரங்கம் அமைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் படி: புறப்படுமுன் கேட்க வேண்டியவை

இணையத்தில் "தடையற்ற வசதி உண்டு" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது போதாது. அந்த வரி நிரந்தரக் காட்சியைப் பற்றியதாக இருக்கும். நீங்கள் பார்க்க விரும்பும் சிறப்புக் கண்காட்சியோ வேறொரு தளத்தில், வேறொரு வாயில் வழியாக நடந்துகொண்டிருக்கும். தொழிற்கூடக் கட்டடங்களில் கண்காட்சி மாறும்போது வழியும் மாறும். எனவே பார்வையாளர் சேவைக்குத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ குறிப்பான கேள்விகளை அனுப்புவது நல்லது. அந்தக் கண்காட்சி எந்தத் தளத்தில் நடக்கிறது, மின்தூக்கி அந்தத் தளம் வரை செல்கிறதா, அன்று அது இயங்குகிறதா, அதன் கதவின் அகலம் என்ன, தரை இரும்புச் சட்டமா சிமெண்டா, இடையிடையே அமர்வதற்கு இருக்கைகளோ கையில் எடுத்துச் செல்லும் மடக்கு நாற்காலிகளோ கிடைக்குமா, கழிப்பறை எந்தத் தளத்தில் உள்ளது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நாற்காலியின் அகலத்தையும், மின்நாற்காலியாக இருந்தால் எடையையும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், அவர்களும் பொதுவாகப் பதில் சொல்லாமல் அளந்து சொல்வார்கள்.

மொழி தயக்கமாக இருந்தால் மூன்று ஜெர்மன் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தடையற்ற வழி இருக்கிறதா என்று கேட்க "பாரியரஃப்ரை", படியே இல்லாத வழியா என்று கேட்க "ஷ்டூஃபன்லோஸ்", மின்தூக்கிக்கு "ஆவுஃப்ட்சூக்". இவற்றுள் இரண்டாவது சொல்தான் மிகவும் பயன்படும். "தடையற்றது" என்று தாராளமாகச் சொல்பவரும் "ஒரு படிகூட இல்லையா" என்று கேட்டால் சற்று யோசித்துப் பதில் சொல்வார். சாய்தளம் இருக்கிறது என்று சொன்னால் அதன் சாய்வையும் கேளுங்கள். தடையற்ற கட்டடங்களுக்கான ஜெர்மனியின் டின் 18040 தரநிலை 6 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாய்வை ஏற்பதில்லை. ஆனால் பழைய ஆலைக் கட்டடங்களின் சரிவுகள் எல்லாம் அந்தத் தரநிலையைப் பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல.

ஜெர்மனியில் வசிப்போர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். அதில் "பி" என்ற குறியீடு இருந்தால் துணைக்கு வருபவருக்குப் பெரும்பாலான அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரும் பெற்றோரிடம் இந்த அட்டை இருக்காது. அவர்களுடைய நாட்டுச் சான்றிதழைக் காட்டிக் கேட்கலாம், சலுகை தருவது அந்தந்த நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கழிப்பறைகள் பலவற்றைத் திறக்கும் "ஐரோப்பியச் சாவி" என்னும் பொதுச்சாவியைத் தகுதியுள்ளோர் டார்ம்ஷ்டாட் நகரிலுள்ள சிபிஎஃப் என்னும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பிடம் விலைக்குப் பெறலாம். இங்கே மட்டுமன்றி நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் அது உதவும்.

மூன்றாம் படி: போய்ச் சேருதல்

எஸ்ஸன் தலைமை ரயில் நிலையத்திலிருந்து 107 எண் டிராம் வண்டி நேராக "ட்சோல்ஃபெரைன்" நிறுத்தத்துக்குச் செல்கிறது. நிறுத்தத்தில் இறங்கினால் இரும்புக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். வழி விசாரிக்க வேண்டிய தேவை இராது. தொலைதூர ரயிலில் வருவோர் ஏறவும் இறங்கவும் உதவி வேண்டுமானால், ஜெர்மன் ரயில்வேயின் பயண உதவி மையத்தில் குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே பதிவுசெய்துகொள்ள வேண்டும். பயண நாளன்று நடைமேடையில் நின்று கேட்டால் சாய்தளத்தைக் கொண்டுவர ஆள் கிடைப்பது அரிது. காரில் வருவோர், நுழைய விரும்பும் கட்டடத்துக்கு அருகில் உள்ள வாகன நிறுத்தம் எது என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கற்கரி ஆலைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு ரூர் அருங்காட்சியகத்துக்கு நடப்பது முதியவர்களுக்குப் பெரும்பாடு.

ஹம் நகரின் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வருவோர் பலர், ரூர் பகுதியின் நடுவில் உள்ள எஸ்ஸனையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ள எண்ணுகிறார்கள். இரு நகரங்களையும் ஆர்இ1 வட்டார ரயில் இணைக்கிறது என்பதால் அது இயலக்கூடியதே. ஆனால் தேர்த்திருவிழா நாளன்று வேண்டாம். வெயிலில் நின்று களைத்த பெரியவர்களை மறுபடி ஒரு பெரிய வளாகத்தில் இறக்கிவிடுவது முறையன்று.

நான்காம் படி: கரி கழுவும் கட்டடத்தில் மேலிருந்து கீழே

ரூர் அருங்காட்சியகம் 2010இல், எஸ்ஸன் நகரமும் ரூர் பகுதியும் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கிய ஆண்டில், பழைய கரி கழுவும் கட்டடத்தில் திறக்கப்பட்டது. வெட்டியெடுத்த கரியோடு கல்லும் கலந்தே வரும். ஓடும் பட்டைகளின் வழியே அதை இக்கட்டடத்தின் உச்சிக்கு ஏற்றி, நீரை மேலும் கீழுமாகத் துடிக்கச் செய்யும் பெருந்தொட்டிகளில் இடுவார்கள். கனமான கல் அடியில் தங்கிவிட, இலேசான கரி மேலே நிற்கும். பிரித்தெடுத்த கரி கீழ்த்தளங்களின் கொள்கலன்களில் இறங்கி, அங்கிருந்து ரயில் பெட்டிகளில் விழும். கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் இதை அருங்காட்சியகமாக மாற்றத் திட்டமிட்டபோது இந்தப் பாதையையே பார்வையாளரின் பாதையாகவும் வைத்துக்கொண்டது. நுழைவாயில் தரையில் இல்லை. 24 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

படம் எடுப்போர் எல்லாரும் விரும்பும் செம்மஞ்சள் நிற நகரும் படிக்கட்டு 58 மீட்டர் நீளமானது. சக்கர நாற்காலி, ரொலாட்டர், குழந்தை வண்டி ஆகியவற்றோடு அதில் ஏறக் கூடாது. கால் நடுக்கம் உள்ள முதியவர்களையும் ஏற்ற வேண்டாம் என்பேன், ஏனெனில் நடுவில் நின்று இளைப்பாற அதில் இடமில்லை. அவர்களுக்கு மின்தூக்கி உண்டு. குழுவாகச் செல்லும்போது சிலர் படிக்கட்டிலும் சிலர் மின்தூக்கியிலுமாகப் பிரிந்தால், 24 மீட்டர் தளத்தில் சீட்டு வழங்குமிடத்தருகே சந்திப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இக்கட்டடத்தில் தளங்களை முதல் மாடி, இரண்டாம் மாடி என்று அழைப்பதில்லை. தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதுவே தளத்தின் பெயர். 17 மீட்டர் தளத்தில் ரூர் பகுதியின் நிகழ்காலமும், 12 மீட்டர் தளத்தில் தொழிற்புரட்சிக்கு முந்தைய நெடுங்காலத்தின் நினைவும், 6 மீட்டர் தளத்தில் தொழில்மயமான வரலாறும் காட்சிப்படுத்தப்பட்டுள்ளன. பெரிய சிறப்புக் கண்காட்சிகள் 12 மீட்டர் தளத்திலும், புகைப்படக் கண்காட்சிகள் 21 மீட்டர் தளத்தின் காட்சிக்கூடத்திலும் நடந்துவந்துள்ளன. இந்த அருங்காட்சியகத்தின் படக் காப்பகத்தில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட புகைப்படங்கள் உள்ளன. அதனால் புகைப்படக் கண்காட்சி எது நடந்தாலும் அதைத் தவறவிட வேண்டாம். சுரங்கத் தொழிலாளர்களின் கரிபடிந்த முகங்களை, அவர்கள் எடுத்த கரி ஓடிய அதே கட்டடத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு கலைக்கூடங்களில் கிடைக்காது.

நடந்து செல்வோர், உருகிய இரும்பின் நிறத்தில் ஒளிரும் படிக்கட்டு வழியாகத் தளம் தளமாக இறங்குவார்கள். சக்கர நாற்காலியில் செல்வோருக்கு இந்த இறக்கம் மின்தூக்கியால் துண்டு துண்டாகிவிடும். ஒவ்வொரு தளத்திலும் பாதையின் தொடக்கத்துக்கு அல்லாமல் வேறொரு மூலையில் வந்து இறங்க நேரலாம். தளத்தின் வரைபடத்தைச் சீட்டுடன் கேட்டு வாங்கி, மின்தூக்கியின் இடத்தை அதில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். கட்டடத்தின் தர்க்கம் மேலிருந்து கீழ்தான். இரண்டு மணி நேரமே தாங்கும் என்போர் சிறப்புக் கண்காட்சியையும் 17 மீட்டர் தளத்தையும் பார்த்தாலே நிறைவாக இருக்கும். தொழில் வரலாறே முதன்மை என்போர் 17 மீட்டர் தளத்தை விட்டுவிட்டு 6 மீட்டர் தளத்துக்கு இறங்கலாம்.

தரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கண்ணறைகள் கொண்ட இரும்புச் சட்டத் தரை தொழிற்கூடங்களில் எங்கும் எதிர்ப்படும். கைத்தடியின் ரப்பர் முனை, சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம், கூரிய குதிகாலணி ஆகியவை அதில் சிக்கிக்கொள்ளும். அகன்ற முனையுள்ள தடியும் தட்டையான மூடிய காலணியும் அணிந்து செல்வதே பாதுகாப்பு. வழிகாட்டி நாய்கள் சில, கீழே வெளி தெரியும் தரையில் கால்வைக்க மறுக்கும். சேலை கட்டி வரும் அம்மாமார் கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொண்டால் படிகளில் தடுக்காது. விளக்கொளியும் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருக்கும் என்பதால், கண்புரை உள்ளவர்களை வெளிச்சத்திலிருந்து உள்ளே அழைத்துச் சென்றதும் சில நிமிடம் அமரவைத்து, கண் பழகிய பின்னரே நடக்கச் செய்ய வேண்டும்.

வடிவமைப்பு அருங்காட்சியகம்

கரி கழுவும் கட்டடத்துக்கு அருகில் உள்ள பழைய கொதிகலன் கூடத்தை நார்மன் ஃபாஸ்டர் மாற்றியமைத்தார். 1997 முதல் ரெட் டாட் அருங்காட்சியகம் அங்கே இயங்குகிறது. துருவேறிய கொதிகலன்களுக்கு இடையில் ஏறத்தாழ ஈராயிரம் புதிய பயன்பாட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. மடிக்கணினியும் சமையல் கலனும் கலையாகுமா என்று முகம் சுளிப்போரும் உண்டு. எனக்கும் பொருள்களைவிடக் கூடமே பெரிதாகப் படுகிறது. ஐந்து தளங்கள் கொண்ட இக்கட்டடத்தில் எல்லா மூலைக்கும் நாற்காலி செல்லாது. எவ்வளவு தூரம் செல்லலாம் என்று வாயிலிலேயே கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: கற்கரி ஆலைப் பகுதியின் கலைப்படைப்புகள்

பன்னிரண்டாம் குழியிலிருந்து கற்கரி ஆலைக்குச் செல்லும் பாதைகள் பலவும் பழைய ரயில் தடங்களின் மேல் அமைந்தவை. நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி செங்குத்தான சரிவில் ஏற முடியாது என்பதால் தடங்கள் அன்றே சமமாகப் போடப்பட்டன. அந்த வசதி இன்று சக்கர நாற்காலிக்குப் பயன்படுகிறது. ஆகவே காட்டுப்பாதைக் குறுக்குவழியைத் தவிர்த்துத் தடப்பாதையிலேயே செல்லுங்கள். வழியிலுள்ள மரத்தோப்பில் சிற்பி உல்ரிச் ரூக்ரீமின் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. மழைக்குப் பிறகு அங்குள்ள மண்பாதை சேறாகிவிடும். நாற்காலியில் இருப்போர் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆலையின் உப்புக் கிடங்கில் 2001 முதல் இலியா கபாகோவ், எமிலியா கபாகோவ் தம்பதியரின் "செயல்திட்டங்களின் மாளிகை" இடம்பெற்றுள்ளது. மரச்சட்டமும் ஒளி ஊடுருவும் துணியும் கொண்டு சுருள் வடிவில் அமைத்த கூட்டுக்குள், தன்னையும் உலகையும் மேம்படுத்தக் கற்பனை மனிதர்கள் வரைந்த அறுபதுக்கு மேற்பட்ட திட்டங்கள் மேசை நாற்காலிகளோடு விரித்துவைக்கப்பட்டுள்ளன. நல்ல மனிதராக மாற விரும்புபவர் வெண்துணியில் இறக்கைகள் செய்து, தனியறையில் நாள்தோறும் சில நிமிடம் அணிந்து அமர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. முதன்முதலில் 1998இல் லண்டனின் பழைய ரயில் எஞ்சின் கொட்டகையான ரவுண்ட்ஹவுஸில் காட்டப்பட்ட இப்படைப்பு மற்றொரு தொழிற்கூடத்தில் வந்து நிலைத்திருப்பது பொருத்தமே. ஆனால் இது எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. கூட்டின் மேல்நிலைக்குப் படியேற வேண்டும். திறக்கும் நேரத்தை உறுதிசெய்துகொண்டு, கீழ்நிலையை மட்டும் பார்க்கும் எண்ணத்தோடு சென்றால் ஏமாற்றம் இராது. திட்டங்களைப் படித்துத்தான் சுவைக்க வேண்டியிருப்பதால், ஜெர்மனோ ஆங்கிலமோ வாசிக்காத பெற்றோருக்கு உடன் இருந்து விளக்குவதற்கு ஒருவர் வேண்டும்.

இதே ஆலையின் கரிக் கலப்புக் கூடத்திலும் பெருங்கண்காட்சிகள் நடத்தப்பட்டுள்ளன. ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்ட 2018இல் நிலக்கரியின் காலத்தைப் பற்றிய கண்காட்சி இங்கே அமைந்தது. பார்வையாளர்களைச் சரிவு ரயிலில் உச்சிக்கு ஏற்றி, கரி கொட்டப்பட்ட கான்கிரீட் கொள்கலன்களின் வழியே கீழே இறக்கினார்கள். இங்கும் அதே மேலிருந்து கீழான பாதைதான் என்பதைக் கவனியுங்கள். இக்கூடத்தில் புதிய கண்காட்சி அறிவிக்கப்பட்டால் மின்தூக்கி பற்றிய கேள்வியைத் தனியாகவே எழுப்புங்கள். குளிர்காலத்தில் உள்ளே கம்பளி ஆடையும் வேண்டும்.

உயரத்தைப் பற்றிய கவலையே இல்லாமல் காணத்தக்க கலைப்படைப்பு ஒன்று உண்டென்றால், அது ஆலையின் இரவு ஒளியமைப்புதான். ஜோனதன் ஸ்பியர்ஸ், மார்க் மேஜர் இருவரும் 1999இல் அமைத்த சிவப்பும் நீலமுமான ஒளியில் 304 கற்கரி அடுப்புகளின் நீண்ட வரிசை மின்னுவதைச் சமதளப் பாதையிலிருந்தே, கட்டணமின்றிப் பார்க்கலாம். அருகில், இரு சரக்குக் கொள்கலன்களை வெட்டி ஒட்டி டிர்க் பாஷ்கே, டேனியல் மிலோனிச் ஆகியோர் 2001இல் உருவாக்கிய நீச்சல்குளம் கோடையில் திறந்திருக்கும். அது ஒரு கலைப்படைப்பு என்பது குளிக்கும் குழந்தைகளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நடனத்தில் ஆர்வமுள்ளோர் 1/2/8 குழிப் பகுதியில் உள்ள பாக்ட் ட்சோல்ஃபெரைன் மையத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கலாம். அது சுரங்கத் தொழிலாளர்களின் பழைய குளியல் கூடம். பீங்கான் ஓடு பதித்த சுவர்கள் இன்றும் அப்படியே உள்ளன. நாற்காலிக்குரிய இருக்கையிடத்தை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

வழிகாட்டிச் சுற்றுகளும் பிற தேவைகளும்

வளாகத்தின் மரபுப் பாதைச் சுற்றுகளைச் சில வேளைகளில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே நடத்துகிறார்கள். அவர்கள் சொல்லும் செய்திகள் பலகையில் எழுதப்பட்ட எதையும்விடச் சிறப்பானவை. எனினும் வழக்கமான சுற்று படிகள் மிகுந்தது. படியில்லாத வழியில் செல்லும் சுற்று, சைகைமொழியில் நடக்கும் சுற்று, எளிய ஜெர்மனில் நடக்கும் சுற்று ஆகியவற்றைப் பொதுவாக முன்பதிவுசெய்து பெற வேண்டியிருக்கும். சில வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். சைகைமொழி வேண்டுவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: இங்கே பயன்படுவது ஜெர்மன் சைகைமொழி; தமிழகத்திலோ இலங்கையிலோ கற்றவருக்கு அது புரியாது. அவர்களுக்கு எழுத்து விளக்கமும் உடன்வரும் உறவினரும்தான் கைகொடுக்கும். புதிதாக ஜெர்மன் கற்போருக்கோ எளிய மொழிச் சுற்று நல்ல பயிற்சியுமாகும்.

பார்வையற்றோருடன் செல்வோர், எந்தப் பொருள்களைத் தொடலாம் என்று பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றைத் தொட முடியாது. ஆனால் இயந்திரங்களின் இரும்பு உடல், தரையின் அதிர்வு, கான்கிரீட் கொள்கலனுக்குள் குரல் திரும்பும் விதம் ஆகியவை கட்டடத்தின் அளவை அவர்களுக்கு நன்றாகவே உணர்த்தும்.

கோடையில் ரூர் பகுதி முழுதும் நடக்கும் தொழில்பண்பாட்டு இரவு விழாவன்று வளாகம் கூட்டத்தால் நிறைந்துவிடும். மின்தூக்கிக்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும். முதல் வருகைக்கு விழா இல்லாத வாரநாளின் முற்பகலே உகந்தது. உணவுக்குக் காப்பிக்கடையும், பழைய காற்றழுத்தி இயந்திரக் கூடத்தில் அமைந்த காசினோ உணவகமும் உண்டு. மரக்கறி மட்டும் உண்ணும் பெரியவர்களுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவதே நிம்மதி, திறந்தவெளியில் அமர்ந்து உண்ணலாம். மாலை ஒளியமைப்பையும் பார்க்கத் தங்குவோர், கற்கரி ஆலையிலிருந்து 107 டிராம் நிறுத்தத்துக்குத் திரும்பும் தொலைவையும், மின்நாற்காலியின் மின்கலத்தில் எஞ்சியுள்ள அளவையும், இரவில் வண்டிகள் வரும் இடைவெளியையும் இருட்டுமுன் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.